பாஷை வராத அண்ணாச்சி

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும். லிஃப்ட் வாரத்தில் பாதி நாள் ஓடாது. மூன்றாவது மாடித் தமிழருக்கு மராத்தி வராது. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு இந்த மூன்று விஷயத்தையும் வாட்ச்மேனே சொல்லிவிடுவார்.

நான் கல்யாணமாகி புனே பக்கம் ஆகுர்டிக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கணவருக்கு வண்டிக் கம்பெனியில் வேலை. எதிர்வீட்டில் இருப்பது திருநெல்வேலிக் குடும்பம் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. நான் தென்காசிக்காரி. முதல் நாளே அந்த மனிதரை 'அண்ணாச்சி' என்றும், அவர் மனைவியை 'மதினி' என்றும் கூப்பிட்டுவிட்டேன். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு சொசைட்டி முழுக்க அவரை அண்ணாச்சி ஆக்கிவிட்டது. மராத்தியில் அந்தச் சொல்லுக்கு 'அண்ணாவுடைய' என்று அர்த்தம் வருமாம். "அண்ணாவுடைய எது?" என்று கீழ்வீட்டு காகூ என்னிடம் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார். காகூ என்றால் இங்கே சித்தி, அத்தை மாதிரி. வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் காகூதான். பிறகு அவரும் பழகிக்கொண்டார்.

அண்ணாச்சி குள்ளம், ஆனால் தோள் அகலம். போசரியில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கும் கம்பெனியில் பெரிய ஹாமர் மிஷினில் வேலை. முழங்கை வரைக்கும் சின்னச் சின்னத் தீத்தழும்புகள். வேலை விட்டு வந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையை அழுத்தி வாரிக்கொண்டு படியில் இறங்கினார் என்றால் கோயிலுக்குப் போகிறவர் மாதிரி இருப்பார். எதிரே யார் வந்து என்ன கேட்டாலும் அவர்கள் வாயையே பார்ப்பார், சிரிப்பார். "ஹோ ஹோ, சாங்லா" என்பார். ஆமாம் ஆமாம், நல்லது என்று அர்த்தம். எழுபதுகளில் புனேக்கு வந்தவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட மராத்தி கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாரிடமும் "என்ன?" என்று திருப்பிக் கேட்கமாட்டார். புரிந்ததோ இல்லையோ, ஒரு தரம் சொன்னது சொன்னதுதான். ரொம்ப நெருக்கினால் இரண்டு கையையும் விரித்து, "நமக்கு பாஷை வராதும்மா" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் வெட்கம் இருக்காது. ஒரு நிம்மதிதான் இருக்கும். மழைக்கு ஒதுங்க ஓர் இடம் கிடைத்த மாதிரி.

ஒருநாள் கீழ்வீட்டு காகூவின் அப்பா சாத்தாராவில் இறந்துபோனார். பையும் கையுமாகப் படியில் நின்றுகொண்டு, எதிரே வந்த அண்ணாச்சியிடம் அதைச் சொன்னார் காகூ. அழுது அழுது தொண்டையில் குரலே இல்லை. அண்ணாச்சி அவர் வாயைப் பார்த்தார், சிரித்தார், "ஹோ ஹோ, சாங்லா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். காகூ அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய், "அவருக்கு பாஷை தெரியாது காகூ, மனசுல வெச்சுக்காதீங்க" என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் கெஞ்சினேன். "பாவம், பாஷை தெரியாத மனுஷன்" என்று அந்தத் துக்கத்திலும் மன்னித்துவிட்டார் அவர். அண்ணாச்சியிடம் இதை நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் மதினி என்னிடம் வந்தார். "ஏ பிள்ள, அவியளுக்கு நீ கொஞ்சம் மராத்தி சொல்லிக் குடேன். மானம் போவுது."

காய்கறிக்காரர்களோடு சண்டை போட்டே ஒரு வருஷத்தில் மராத்தி கற்றவள் நான். அந்தத் திமிரில் ஒத்துக்கொண்டேன். சாயங்காலம் அண்ணாச்சி பவ்யமாக வந்து உட்காருவார். மராத்திப் பேப்பரைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று வாசிப்பார். அர்த்தமும் சொல்வார். வாக்கியம் எழுதச் சொன்னால் எழுதுவார். பேப்பரை மூடிவிட்டு நான் வாயைத் திறந்து கேள்வி கேட்டால் மட்டும் விழிப்பார். பிறகு "ஹோ ஹோ, சாங்லா." உலகத்தில் இப்படியும் ஒரு தலை இருக்குமா என்று என் கணவரிடம் புலம்பினேன். "உங்க ஊர்க்காரர்தானே" என்றார் அவர். அவர் சேலம். கொஞ்ச நாளில் பாடத்தை நிறுத்திவிட்டோம்.

அவர் வீட்டில் தமிழ்ப்பேச்சுக்கு மட்டும் குறையே கிடையாது. மதினி சமையலறையிலிருந்து "சாப்பிட வாங்க" என்றால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார். மகன் செல்வமும் அப்படித்தான் பேசுவான். தென் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தொண்டை பெரிது என்று சொசைட்டியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டதில் எனக்கு வருத்தம்தான். வெளியாட்களில் அண்ணாச்சி சிரித்துப் பேசுவது பால்காரர் ஒருவரோடு மட்டும். அவருக்கும் ஊரைக் கூட்டுகிற குரல். இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சி கம்பெனியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகு, இரண்டாயிரத்துக்கு அப்புறம், செல்வத்துக்குக் கல்யாணம் ஆனது. ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் கூட வேலை பார்த்த பெண். மானசி. புனேயிலேயே பிறந்து வளர்ந்த மராத்திப் பெண். வீட்டில் சண்டை, சச்சரவு எதுவும் இல்லை. "புள்ளைக்குப் பிடிச்சா சரி" என்று முதலில் சொன்னவரே அண்ணாச்சிதான். மானசிக்கு நல்ல குணம், நல்ல சிரிப்பு. குரல் மட்டும் ரொம்பச் சின்னது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பேசுகிறாள் என்றே தெரியும்.

கல்யாணமாகி இரண்டாவது மழைக்காலம் முடியும்போது, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் அவள் என்னிடம் மராத்தியில் சொன்னாள். "காகூ, வாக்கட்டில் தனியாக வீடு பார்த்திருக்கிறோம். தீபாவளிக்குப் பிறகு போய்விடுவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதினிக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். ஏன் என்று கேட்டேன். கொடியிலிருந்து ஒரு துணியை உருவி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே மாமனாரிடம் போய், உங்களை பாபா என்று கூப்பிடவா, அப்பா என்று கூப்பிடவா என்று கேட்டேன். ஹோ ஹோ, சாங்லா என்றார். இன்றைக்கு வரைக்கும் நான் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை."

"அவருக்கு பாஷை வராதும்மா."

"பால்காரரோடு சிரித்துப் பேசுகிறாரே. அவர் என்ன தமிழா பேசுகிறார்? என்னிடம் மட்டும் வராத பாஷையா? அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை காகூ. பிடிக்காதவர் முன்னால் தினமும் நடமாட எனக்கு முடியவில்லை."

பால்காரர் விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. இந்தக் குடும்பம் பிரிந்தால் மதினி தாங்கமாட்டார் என்று மட்டும் தெரிந்தது. மானசிதான் ஒரு வழி சொன்னாள். "எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள். அவர் என் பக்கம் வரமாட்டார் என்றால் நான் அவர் பக்கம் போய்ப் பார்க்கிறேன். அதற்கும் முகம் கொடுக்கவில்லை என்றால் வாக்கட்தான்."

மாமனாரிடம் தோற்ற வாத்தியார் மருமகளிடம் தேறினேன். "காபி கொண்டு வரட்டுமா?" என்பதுதான் பாடம். என் சமையலறையில் நின்று அதை அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் பாளையங்கோட்டையில் பிறந்தவள் மாதிரி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் நானும் போனேன். அண்ணாச்சி பால்கனியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மானசி அவருக்குப் பின்னால் போய் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுத்தமான தமிழில் கேட்டாள். "காபி கொண்டு வரட்டுமா?"

அண்ணாச்சி பக்கத்தைப் புரட்டினார்.

இன்னொரு தரம் கேட்டாள். அவர் முழங்காலைச் சொறிந்துகொண்டார். அவள் முகம் சிவந்துவிட்டது. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்று மூன்றாவது தடவையும் கேட்டாள். அண்ணாச்சி நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தார், அன்பாகச் சிரித்தார்.

"ஹோ ஹோ, சாங்லா."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. தமிழில் கேட்ட கேள்விக்குத் திருநெல்வேலிக்காரர் மராத்தியில் பதில் சொல்கிறார். அடுத்த நொடி அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மானசியின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. ஆனால் அவள் அழவில்லை. அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்து என் கையைப் பிடித்தாள்.

"காகூ, அவருக்கு எந்த பாஷையுமே கேட்கவில்லை" என்றாள்.

மதினி ஒப்புக்கொள்ளவே இல்லை. "காது கேக்காமயா? நான் பேசுதது எல்லாம் கேக்கத்தானே செய்யுது?"

"மதினி, நீங்க பேசுதது பிம்ப்ரி வரைக்கும் கேக்கும்" என்றேன்.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "எங்காதுல ஒண்ணுமில்ல. எனக்கு பாஷைதான் வராது. ஊருக்கே தெரியும்" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் படியில் என்னை நிறுத்தி அவராகவே பேச்செடுத்தார். "எம்மா, பாஷை தெரியாதவன்னா பக்கத்துல வந்து கையக் காட்டிச் சொல்லித் தருவான். செவிடன்னா விட்டுட்டுப் போயிருவான். கம்பெனில பாத்திருக்கேன். எங்கூட நின்ன ஆளுக்குக் காது போச்சி. அப்புறம் அவன்ட்ட எவனும் ஒண்ணும் சொல்லுதது கெடையாது. கல்யாணப் பத்திரிகை குடுக்கக்கூட அவன் பொண்டாட்டிகிட்டதான் குடுப்பானுவ."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும்னும் இல்ல, தெரியாதுன்னும் இல்ல. வீட்ல ஒங்க மதினி பேசுதது கேக்குதுல்லா. வெளிய போனா வெளங்கல. அப்ப பாஷைதான்னு நெனச்சேன். நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இனிமேல் மறைத்துப் பிரயோஜனமில்லை என்று வாக்கட் விஷயத்தைச் சத்தமாக, வாயை நன்றாகத் திறந்து, சொல்லிவிட்டேன். தன்னை மாமனாருக்குப் பிடிக்கவில்லை என்று மானசி நினைப்பதையும் சொன்னேன். அண்ணாச்சி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ள என்ட்ட பேசாதுன்னுல்லா நான் நெனச்சேன்" என்றார். "படிச்ச பிள்ள, நம்மட்ட என்னத்தப் பேசும்னு ஒதுங்கி இருந்தேன்."

இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, மற்றவருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்கள். அண்ணாச்சி மேலே போய் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "எங்க போவணும்?" என்றார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் காது அழுக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம் செவித்திறனைச் சோதிக்கிற ஒரு ஆடியாலஜிஸ்டிடம் அனுப்பினார். மருந்துக்கடை மாடியில் இரண்டே அறை. சின்ன வயசு மராத்திப் பெண். அவள் கத்தவில்லை. அண்ணாச்சிக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி வைத்துக்கொண்டு, நிதானமாகப் பேசினாள். எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டாள். ஹாமர் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

தடித்த கதவு போட்ட ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்கார வைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் மானசியும். மருமகள் கையில் மாமனாருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. சில சத்தங்களுக்கு உடனே அமுக்கினார். சிலவற்றுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தார், நாங்கள் காத்துக்கொண்டே இருந்தோம்.

அடுத்து, சொல்கிற வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி கையை விரித்தார். "பாஷை வராது."

"தாய்மொழியிலேயே சோதிப்போம்" என்று அந்தப் பெண் மைக்கை என்னிடம் கொடுத்தாள். வாயை அட்டையால் மறைத்துக்கொள்ளச் சொன்னாள். கதவு, பழம், புடவை, நாற்காலி என்று மனதில் வந்ததையெல்லாம் சாதாரணக் குரலில் சொன்னேன். முக்கால்வாசிக்கு அவரிடமிருந்து பதிலே இல்லை. ஊரில் பிறந்ததிலிருந்து பேசிய பாஷை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தொங்கிப்போனது.

அந்தப் பெண் ஒரு குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டி, மறுபடி சொல்லச் சொன்னாள். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் சொன்னார். பிறகு குமிழைத் தொடாமலே மைக்கை அவள் வாங்கி, மராத்தியில் வார்த்தைகள் சொன்னாள். அவற்றையும் சொன்னார். வார்த்தையை விட்டுவிட்டு ஒரு கேள்வியே கேட்டாள். உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?

அண்ணாச்சி நல்ல மராத்தியில், வினைச்சொல் எல்லாம் ஒழுங்காக விழ, பதில் சொன்னார். நான், என் மனைவி, என் மகன், என் மருமகள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. "எம்மா, எனக்கு மராத்தி வருது" என்றார். "இவ்வளவு நாளும் உள்ள போயிட்டுத்தான் இருந்திருக்கு." மானசி மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஆடியாலஜிஸ்ட் ஒரு படம் காட்டினாள். கோடு கனத்த சத்தங்களுக்கான இடது ஓரத்தில் நன்றாக ஓடி, கூர்மையான சத்தங்களுக்கான வலது ஓரத்தில் மாடிப்படி மாதிரி விழுந்திருந்தது. கனத்த குரல்கள் ஓரளவு கேட்கும். மெல்லிய குரல்கள், பெண்கள், குழந்தைகள் பேசுவது, வார்த்தையின் கூர்மையான எழுத்துகள் எல்லாம் போய்விடும். ஹாமர் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. போனது திரும்ப வராது, மிஷின் வைத்தால் மிச்சத்தைக்கொண்டு நன்றாகச் சமாளிக்கலாம் என்றாள்.

காதுக்குள் மறைந்துவிடுகிற குட்டி மிஷின்தான் வேண்டும் என்று அண்ணாச்சி ஒரே பிடிவாதம். அவள் மறுக்கவில்லை. அதனுடைய பாட்டரியை அவர் உள்ளங்கையில் வைத்து, போட்டுப் பாருங்கள் என்றாள். பழுத்த இரும்போடு பழகிய தடித்த விரல்களுக்கு அது பிடிபடவே இல்லை. உருண்டு மேஜைக்கடியில் ஓடியது. நாங்கள் எல்லோரும் தரையில் குனிந்து தேடினோம். அதற்குப் பிறகு காதுக்குப் பின்னால் வைக்கிறதைக் காட்டினாள். அதன் பாட்டரி அவர் கைக்கு அடங்கியது. ஒன்று போதும் என்றார். இரண்டு காதும் போயிருக்கிறது, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிய இரண்டும் வேண்டும் என்றாள். வேலை முடிந்து அங்கே வந்து சேர்ந்த செல்வம் இருப்பதிலேயே உசத்தியானதைக் கேட்டதற்கு, அவருக்கு அவ்வளவு தேவையில்லை, இதை முதலில் வீட்டில் போட்டுப் பார்க்கட்டும் என்று நடுவில் ஒன்றைச் சொன்னாள். களிம்பு மாதிரி ஒன்றைக் காதில் விட்டு அச்சு எடுத்தார்கள். தோல் நிறத்தில் வேண்டுமா என்று கேட்டபோது அண்ணாச்சி யோசித்தார்.

"கறுப்பே கொடுங்கள்" என்றார், மராத்தியில். "தெரியட்டும். தெரிந்தால் பக்கத்தில் வந்து பேசுவார்கள்."

முதல் சில நாள் பாடாய்ப் பட்டார். ஃபேன் சுற்றுவது, குக்கர், சொந்தச் செருப்பு எல்லாமே சத்தம். "பேப்பர் பொரட்டுனா இவ்வளவு சத்தமா வரும்?" என்று ஆச்சரியப்பட்டார். பாத்திரம் விழுகிற சத்தத்துக்கு மிஷினைக் கழற்றி வீசப்போனவரை மானசி மறுபடி சிஞ்ச்வட்டுக்குக் கூட்டிப்போய் அதைச் சரிசெய்து கொண்டுவந்தாள். தினம் கொஞ்ச நேரம் என்று ஆரம்பித்து, நாள் முழுக்கப் போட்டுக்கொள்ளப் பழகினார். மதினிதான் பாவம். "மெல்லப் பேசுட்டி, அடுத்த வீட்டுக்குக் கேக்கும்" என்று அண்ணாச்சி சொன்னார். "இத்தனை வருஷமாக் கேட்டுட்டுத்தான் இருக்கு" என்றார் மதினி, அதே குரலில்.

அந்தச் சாத்தாரா விஷயத்தையும் நான் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி அப்போதே கீழே போய், காகூவின் அப்பாவைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்து, அவர் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு வந்தார். காகூ அவருக்கு அவல் உப்புமா கொடுத்தாராம். தீபாவளியும் வந்து போனது. வாக்கட்டுக்கு அவர்கள் போகத்தான் போனார்கள். ஆனால் ரொம்பப் பின்னால், அண்ணாச்சியையும் மதினியையும் கூட்டிக்கொண்டு. எதிர்வீடு காலியானதில் நான் அழுதது தனிக் கதை.

எனக்கு மனதில் நிற்பது தீபாவளிக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அண்ணாச்சி அதே பால்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு காதுக்கும் பின்னால் கறுப்பாக மிஷின்கள். மானசி அவருக்குப் பின்னால் போய் நின்றாள். அவளுடைய குரல் கொஞ்சமும் கூடவில்லை. எனக்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வந்த அன்று கேட்டதையே மறுபடி கேட்டாள், மராத்தியில். உங்களை பாபா என்று கூப்பிடவா, அப்பா என்று கூப்பிடவா?

பேப்பர் மடியில் இறங்கியது. அவர் திரும்பவில்லை.

"அப்பா" என்றார்.

"அப்பா" என்று கூப்பிட்டாள் மானசி.

"புன்ஹா ம்ஹண" என்றார். இன்னொரு தரம் சொல்லு. நான் அறிந்தவரை அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதே இல்லை. மானசி பயந்துவிட்டாள். பாட்டரி தீர்ந்துவிட்டதோ என்று அவர் காதருகே குனிந்தாள். "கேட்கவில்லையா?"

"கேட்டது" என்றார் அண்ணாச்சி. "அதனால்தான்."